பெசன்ட் நகருக்குப் பெயர் கொடுத்தவர் ஏற்றிய கொடி: மூலையில் யூனியன் ஜாக் இருந்தது ஏன்?

பெசன்ட் நகர் என்றதும் எலியட்ஸ் பீச், வேளாங்கண்ணி கோயில், அஷ்டலட்சுமி கோயில், பெரம்பூரில் இருந்து வரும் 29சி பஸ் என்று வரிசையாக ஞாபகம் வரும். சரி, அந்த 'பெசன்ட்' யார்? அன்னி பெசன்ட் அம்மையார், ஹோம் ரூல் இயக்கம் நடத்தியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வரி பதில் பலரிடம் இருக்கும்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு கொடி இருக்கிறது. 1917-ல் ஹோம் ரூல் இயக்கம் இந்தியாவுக்காக உயர்த்திய கொடி அது. இன்றைக்கு அதன் படத்தைப் பார்க்கும் யாருக்கும் முதலில் கண்ணில் படுவது அதன் இடது மேல் மூலைதான். அங்கே இருந்தது யூனியன் ஜாக். அதாவது, இந்தியாவை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டனின் கொடி!

சுயாட்சி கேட்டவர் ஏன் ஆள்பவரின் கொடியையே தன் கொடிக்குள் வைத்தார்? அந்த மூலை பின்னர் என்ன ஆனது? அன்னி பெசன்ட்டின் வாழ்க்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

அந்தக் கொடி எப்படி இருந்தது?

ஐந்து சிவப்புப் பட்டைகள், நான்கு பச்சைப் பட்டைகள் மாறி மாறி வரும். சிவப்பு இந்துக்களையும் பச்சை முஸ்லிம்களையும் குறிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பட்டைகளின் மேல், வானில் தெரியும் சப்தரிஷி மண்டலத்தின் வடிவில் ஏழு நட்சத்திரங்கள். ஒரு மேல் மூலையில் பிறையும் நட்சத்திரமும். இன்னொரு மேல் மூலையில் யூனியன் ஜாக்.

இந்தியாவுக்கென யோசிக்கப்பட்ட முதல் கொடி இது இல்லை. சகோதரி நிவேதிதா வஜ்ராயுதம் பொறித்த ஒரு கொடியை உருவாக்கியிருந்தார். வங்கப் பிரிவினை எதிர்ப்பு சூடாக இருந்த நேரத்தில், 1906 ஆகஸ்ட் 7-ல் கல்கத்தாவின் பார்சி பகான் சதுக்கத்தில் மூவண்ணக் கொடி ஒன்று ஏற்றப்பட்டது. 1907 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டில் மேடம் பிகாஜி காமா இந்தியக் கொடியை விரித்துக் காட்டினார். நிவேதிதா, காமா, பெசன்ட் என மூன்று பேருமே பெண்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

முந்தைய கொடிகள் எதிலும் யூனியன் ஜாக் கிடையாது. பத்து வருஷம் கழித்து வந்த பெசன்ட்டின் கொடியில்தான் அது நுழைந்தது.

லண்டனில் தொடங்கிய கலகம்

அன்னி வுட் பிறந்தது 1847 அக்டோபர் 1, லண்டனில். குடும்பத்தில் ஐரிஷ் ரத்தம் அதிகம். ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். பள்ளி மாணவர்களுக்கு விடுதி நடத்தித்தான் அம்மா குடும்பத்தைக் காப்பாற்றினார்.

20 வயதில் ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருடன் திருமணம். இரண்டு குழந்தைகள். ஆனால் அன்னிக்கு மத நம்பிக்கையில் சந்தேகம் வந்தது. சர்ச் சடங்குகளில் கலந்துகொள்ள மறுத்தார். 1873-ல் கணவரைப் பிரிந்தார்.

பிறகு சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து நாத்திக இயக்க மேடைகளில் பேசினார். 1877-ல் கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை இருவரும் மறுபதிப்பு செய்து விற்றார்கள். ஆபாசப் புத்தகம் என்று வழக்கு, ஆறு மாத சிறைத் தண்டனை. சட்ட நுணுக்கம் ஒன்றால் அப்பீலில் தண்டனை ரத்தானது. ஆனால் அவர் வேறு விலை கொடுத்தார். இப்படிப்பட்டவரிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்று சொல்லி, மகள் மேபலை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்தது.

1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் நிலையைப் பற்றி எழுதினார். சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜெயித்தார்கள். பிரிட்டிஷ் தொழிற்சங்க வரலாற்றில் இன்றும் பேசப்படும் போராட்டம் இது.

தூத்துக்குடி வழியாக அடையாறுக்கு

1889-ல் அடுத்த திருப்பம். பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலுக்கு விமர்சனம் எழுதப் போய், நாத்திகரான அன்னி பிரம்மஞான சபையில் உறுப்பினர் ஆனார். 'தியோசாஃபிகல் சொசைட்டி' என்று நாம் சொல்வது இந்த சபையைத்தான். அதன் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாறில்.

1893 நவம்பரில் இலங்கையில் இருந்து கப்பலில் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 46 வயது. காசியில் 1898-ல் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்குக் கருவாக அமைந்தது இந்தக் கல்லூரிதான். 1907-ல் சபையின் தலைவரானார். கடைசி மூச்சு வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கொடி விஷயத்தில் அடையாறுக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் உண்டு. இலங்கை பௌத்தர்கள் 1885-ல் தங்களுக்கென ஒரு கொடியை உருவாக்கியபோது, அதை நாடுகளின் கொடிகளைப் போன்ற அளவுக்கு மாற்றச் சொன்னவர், சபையின் நிறுவனர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட். உலகம் முழுக்க பௌத்த விகாரைகளில் இன்று பறப்பது அந்தக் கொடிதான்.

மூலையில் யூனியன் ஜாக் ஏன்?

1914-ல் பெசன்ட் முழுநேர அரசியலுக்கு வந்தார். 'காமன்வீல்' வார இதழைத் தொடங்கினார். சென்னையில் நடந்துவந்த ஒரு நாளிதழை வாங்கி 'நியூ இந்தியா' என்று பெயர் மாற்றினார். ஆர்மேனியன் தெருவில் கோகலே ஹால் கட்டினார். 1916 ஏப்ரலில் திலகர் ஒரு ஹோம் ரூல் லீக்கைத் தொடங்க, செப்டம்பரில் சென்னையில் பெசன்ட் இன்னொன்றைத் தொடங்கினார். இரண்டு பேரும் பகுதிகளைப் பிரித்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

'ஹோம் ரூல்' என்பது அயர்லாந்தில் இருந்து வந்த வார்த்தை. பிரிட்டிஷ் பேரரசுக்கு உள்ளேயே இருப்போம், எங்கள் வீட்டு விவகாரத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பதுதான் இதன் பொருள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அப்போதே இந்த அந்தஸ்து கிடைத்திருந்தது. வெள்ளையர் வாழும் நாடுகளுக்குத் தந்ததை இந்தியாவுக்கும் தர வேண்டும் என்பது பெசன்ட்டின் கோரிக்கை.

இப்போது அந்த நாடுகளின் கொடிகளை நினைத்துப் பாருங்கள். கிரிக்கெட் மைதானத்தில் நாம் பார்க்கும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கொடிகளின் இடது மேல் மூலையில் இன்றும் யூனியன் ஜாக் இருக்கிறது. கனடாவும் 1965-ல் மேப்பிள் இலைக் கொடிக்கு மாறும் வரை அப்படி ஒரு கொடியைத்தான் பறக்கவிட்டது. ஆக, பெசன்ட்டின் கொடி அவருடைய கோரிக்கையைத்தான் படமாகக் காட்டியது. மூலையில் பேரரசு, மீதி இடம் முழுவதும் இந்தியா.

அமெரிக்காவின் கதையும் இதேதான். பிரிட்டனை எதிர்த்துப் போரிடத் தொடங்கிய 13 காலனிகள், 1775 டிசம்பரில் ஏற்றிய கொடியில் சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் மூலையில் பிரிட்டிஷ் கொடியும் இருந்தன. அப்போது அவர்களும் முழு சுதந்திரத்தை அறிவித்திருக்கவில்லை. 1776-ல் அறிவித்தார்கள். 1777-ல் மூலையில் இருந்த பிரிட்டிஷ் கொடி போய் நட்சத்திரங்கள் வந்தன.

கொடியின் மூலையை வைத்தே ஒரு மக்கள் எவ்வளவு தூரம் கேட்கத் துணிந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கொடிக்கும் தடை

யூனியன் ஜாக்கை வைத்துக்கொண்டதால் அரசு சும்மா விட்டதா? இல்லை. கோயம்புத்தூர் மாஜிஸ்திரேட் ஒருவர் இந்தக் கொடியைப் பயன்படுத்தவே தடை போட்டார். தேசியக் கொடி ஒன்றுக்கு எதிராக பிரிட்டிஷ் இந்திய நிர்வாகம் எடுத்த முதல் நடவடிக்கைகளில் ஒன்றாக இது சொல்லப்படுகிறது.

பத்திரிகைக்கும் நெருக்கடி. 'நியூ இந்தியா' 1916-ல் கட்டிய 2,000 ரூபாய் ஜாமீன் தொகையை அரசு பறிமுதல் செய்தது. அடுத்து 10,000 ரூபாய் கட்டச் சொன்னது. அதையும் கட்டிவிட்டு பத்திரிகை நடத்தினார் பெசன்ட். மாணவர்கள் அரசியல் கூட்டங்களுக்குப் போகவும் தடை வந்தது.

கடைசியில் 1917 ஜூனில், சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசு அவரைக் காவலில் வைக்க உத்தரவிட்டது. கூடவே சக ஊழியர்கள் ஜார்ஜ் அருண்டேல், பி.பி.வாடியா இருவருக்கும் அதே உத்தரவு. பெசன்ட்டுக்கு அப்போது 69 வயது. மூவரும் ஊட்டியில் பிரம்மஞான சபைக்குச் சொந்தமான 'குலிஸ்தான்' வீட்டில் அடைக்கப்பட்டார்கள்.

எழுதக் கூடாது, பேசக் கூடாது, கூட்டம் போடக் கூடாது. ஆனால் வீட்டுத் தோட்டத்தில் கொடி ஏற்றினார். சிவப்பும் பச்சையுமான அந்தக் கொடி நீலகிரிக் குளிரில் பறந்தது. வாய்ப்பூட்டு போட்ட பிறகு அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான் என்று சொல்லலாம்.

நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. அதுவரை ஒதுங்கி இருந்த முகமது அலி ஜின்னா ஹோம் ரூல் லீக்கில் சேர்ந்தார். சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி சர் எஸ்.சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். அதனால் வந்த கண்டனத்துக்குப் பதிலாக, 1918-ல் தன் 'சர்' பட்டத்தைத் துறந்தார். அலகாபாத்தில் இளம் வழக்கறிஞரான ஜவாஹர்லால் நேருவும் பெசன்ட்டின் லீக்கில் வேலை செய்துகொண்டிருந்தார்.

1917 ஆகஸ்ட் 20-ல் இந்தியாவுக்குப் படிப்படியாக பொறுப்பாட்சி தரப்படும் என்று லண்டனில் அமைச்சர் மாண்டேகு அறிவித்தார். செப்டம்பரில் பெசன்ட் விடுதலையானார். டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

எல்லாரும் இந்தக் கொடியை ஏற்றார்களா?

இல்லை. சென்னையிலேயே கடும் எதிர்ப்பு இருந்தது. ஹோம் ரூல் லீக் தொடங்கிய இரண்டே மாதத்தில், 1916 நவம்பரில், பிட்டி தியாகராயர், டி.எம்.நாயர், நடேச முதலியார் ஆகியோர் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னர் நீதிக்கட்சி என்று அழைக்கப்பட்டது இதுதான். படிப்பிலும் அரசு வேலையிலும் பிராமணர்கள் கையோங்கியிருக்கும் நிலையில், ஹோம் ரூல் வந்தால் அதிகாரமும் அவர்களிடமே போய்ச் சேரும் என்பது அவர்கள் வாதம். பெசன்ட்டை அவர்கள் கடுமையாக விமர்சித்தார்கள்.

இந்தக் கேள்விக்கு பெசன்ட்டின் கொடியில் பதில் இல்லை. அது இந்து, முஸ்லிம் என்ற இரண்டு நிறங்களில் இந்தியாவைப் பார்த்தது. சாதி அதில் இல்லை.

அன்று எதிரெதிராக நின்றவர்கள் இன்று ஒரே சென்னை வரைபடத்தில் இரண்டு ஏரியாக்கள். தியாகராயர் பெயரில் தி.நகர், பெசன்ட் பெயரில் பெசன்ட் நகர்!

நாடு தாண்டிப் போனது, அவர் நின்ற இடத்திலேயே நின்றார்

புகழின் உச்சியில் இருந்து பெசன்ட் இறங்க இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

1919-ல் ரௌலட் சட்டம் வந்தது. பெசன்ட்டும் அதை எதிர்த்தார். ஆனால் சட்டத்தை மீறிப் போராடலாம் என்ற காந்தியின் சத்தியாகிரகம் அவருக்கு உடன்பாடு இல்லை. அது வன்முறையில் முடியும் என்று பயந்தார். கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடத்தியதை நியாயப்படுத்தும் தொனியில் ஏப்ரலில் அவர் எழுதியது பெரும் கோபத்தைக் கிளப்பியது. அதே மாதம் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அதற்குப் பிறகு, பேரரசுக்கு உள்ளே ஒரு நல்ல இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை மக்களிடம் சொல்வதே கஷ்டம் ஆனது.

1920-ல் அவர் உருவாக்கிய ஹோம் ரூல் லீக்குக்கே காந்தி தலைவரானார். அமைப்பின் பெயரும் 'சுவராஜ்ய சபா' என்று மாறியது. ஒத்துழையாமை இயக்கத்தை எதிர்த்த பெசன்ட், காங்கிரஸை விட்டு விலகினார்.

கொடியும் கைமாறியது. 1921-ல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், பிங்கலி வெங்கய்யா ஒரு கொடியை காந்தியிடம் கொடுத்தார். அதே சிவப்பு, அதே பச்சை. மற்ற சமூகங்களுக்காக வெள்ளையும், நடுவில் ராட்டையும் சேர்க்கச் சொன்னார் காந்தி. நான்கு வருஷத்துக்கு முன் பெசன்ட் கொடியில் இருந்த இரண்டு நிறங்களும் இதிலும் இருந்தன. மூலையில் இருந்த யூனியன் ஜாக் மட்டும் காணாமல் போனது. 1931-ல் சிவப்பு காவியாக மாறி, காவி, வெள்ளை, பச்சை, நடுவில் ராட்டை என்பது காங்கிரஸின் அதிகாரபூர்வ கொடி ஆனது.

பெசன்ட் விடவில்லை. இந்தியாவுக்குத் தன்னாட்சி தரும் ஒரு மசோதாவைத் தயாரித்து, 1925-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிமுகம் செய்ய வைத்தார். அது நிறைவேறவில்லை. 1929 ஆகஸ்டில், உலக குருவாக வருவார் என்று அவர் வளர்த்த ஜே.கிருஷ்ணமூர்த்தி, தனக்காக உருவாக்கப்பட்ட அமைப்பையே கலைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 31 நள்ளிரவு, லாகூரில் ராவி நதிக்கரையில் நேரு கொடியேற்றினார். காங்கிரஸின் இலக்கு இனி பூரண சுதந்திரம்.

1932 ஜனவரியில் தமிழ்நாட்டில் கொடி என்பது உயிர் கொடுக்கும் விஷயமாகிவிட்டது. திருப்பூரில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தும் கொடியை விடாத குமரன், ஜனவரி 11-ல் இறந்தார். அதே மாதம் 26-ம் தேதி, பாஷ்யம் என்கிற ஆர்யா சென்னை கோட்டைக் கொடிமரத்தில் ஏறி, இந்தியக் கொடியைப் பறக்கவிட்டார். அந்தக் கொடிமரத்தில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி அடையாறில், 84 வயது பெசன்ட் உடல் தளர்ந்துபோயிருந்தார்.

1933 செப்டம்பர் 20-ல் அடையாறில் காலமானார். சபை வளாகத்திலேயே தகனம் நடந்தது. அஸ்தியில் ஒரு பகுதி காசிக்குப் போய் கங்கையில் கரைக்கப்பட்டது.

1947-ல் மீண்டும் வந்த யூனியன் ஜாக்

கதை இதோடு முடியவில்லை. சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கொடி வடிவங்களை முன்வைத்தார். இந்தியாவுக்கு அவர் சொன்னது, காங்கிரஸ் கொடி, அதன் மேல் மூலையில் சின்னதாக ஒரு யூனியன் ஜாக்!

1917-ல் பெசன்ட் வைத்த அதே மூலை. அன்று கேட்ட நமக்குக் கிடைக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து அவர்களாகவே கொடுக்க வந்தார்கள். நேரு மறுத்துவிட்டார். ஜின்னாவும் மறுத்துவிட்டார். இருவருமே ஒரு காலத்தில் ஹோம் ரூல் லீக்கில் இருந்தவர்கள். நேருவுக்கு 13 வயதில் பிரம்மஞான சபை உறுப்பினராக தீட்சை கொடுத்ததே பெசன்ட்தான்.

1947 ஜூலை 22-ல் அரசியல் நிர்ணய சபை மூவண்ணக் கொடியை ஏற்றது. ராட்டைக்குப் பதில் அசோகச் சக்கரம் வந்தது. ஆகஸ்ட் 14 நள்ளிரவு, இந்தியப் பெண்களின் சார்பில் ஹன்சா மேத்தா அந்தக் கொடியை சபையில் வழங்கினார். நிவேதிதா, காமா, பெசன்ட் என்று வந்த வரிசையில் அடுத்ததாக வந்ததும் ஒரு பெண்ணின் கை.

பெசன்ட் தோற்றுவிட்டாரா?

அவர் கேட்டது கிடைக்கவில்லை. நாடு அதைவிடப் பெரியதைக் கேட்டு வாங்கியது. ஆனால் சுயாட்சி என்ற கோரிக்கையை மாநாட்டுத் தீர்மானங்களில் இருந்து எடுத்து, கிளைகள், துண்டுப் பிரசுரங்கள், பத்திரிகை, கொடி என்று ஊர் ஊராகக் கொண்டுபோன அமைப்பை அவரும் திலகரும்தான் கட்டினார்கள். காந்தி 1920-ல் தலைமை ஏற்றபோது தயாராக இருந்த தொண்டர்களில் பலர் அங்கே பழகியவர்கள்.

1947 ஆகஸ்ட் 15 அதிகாலை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றப்பட்ட கொடி இன்றும் இருக்கிறது. கோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பட்டுத்துணியில், 12 அடிக்கு 8 அடி அளவில் செய்தது. காமா விரித்த கொடி புனேயில் கேசரி பத்திரிகை வளாகத்தில் காட்சிக்கு உள்ளது.

இன்னொரு தகவல். இந்தியக் கடற்படைக் கொடியில் இருந்த செயின்ட் ஜார்ஜ் சிலுவை, யூனியன் ஜாக்கிலும் ஒரு பகுதியாக இருப்பது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது நீடித்தது. நடுவில் சில வருஷம் நீக்கப்பட்டு, மறுபடியும் சேர்க்கப்பட்டது. கடைசியாக அகற்றப்பட்டது 2022 செப்டம்பர் 2-ல், ஐ.என்.எஸ். விக்ராந்த் கடற்படையில் சேர்ந்த நாளில். பெசன்ட்டின் கொடி பறந்து 105 வருஷம் ஆகியிருந்தது.

பெசன்ட் நகர் 1970-களில் வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்பாக வளர்ந்தபோது, பக்கத்தில் இருந்த சபையின் நினைவாக அவர் பெயர் வந்தது. அவருடன் ஊட்டியில் காவலில் இருந்த அருண்டேலின் மனைவி ருக்மிணி தேவி உருவாக்கிய கலாக்ஷேத்ராவும் இதே பகுதியில்தான். அடுத்த முறை பீச்சுக்குப் போகும்போது பஸ் போர்டில் 'பெசன்ட்' என்று பார்த்தால், ஊட்டி தோட்டத்தில் பறந்த அந்தச் சிவப்பு பச்சைக் கொடியும், அதன் மூலையும் ஞாபகம் வரட்டும்.